அது டயர் சத்தம்தான்பா

மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு வீட்டுல என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். மிக்ஸி ஓடலைன்னாலும் நாமதான், பக்கத்து வீட்டு கிரைண்டர் கத்தினாலும் நாமதான். "எங்க வீட்லயே இன்ஜினியர் இருக்கே" என்று அம்மா பெருமையாகச் சொல்லும்போது நமக்கு அரியர் பேப்பர்தான் ஞாபகம் வரும். இருந்தாலும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் நிற்போம். அப்படிப் போய் நின்று, ரெண்டே நிமிஷத்தில் நான் சொன்ன ஒரு பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பதில் முழுத் தப்பு கிடையாது. பிரச்சினையே அதுதான்.

அப்பா ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறார். வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர். காலை ஷிஃப்ட் 6 மணிக்கு. பஸ்ஸை நம்பிப் போக முடியாது, அதனால் வண்டிதான். நான் பத்தாவது படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 100 சிசி பைக். ஸ்போக்ஸ் வீல், முன்னாடி டிரம் பிரேக்.

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா கூப்பிட்டார். "தாயி, முன் வீல்ல ஒரு சத்தம் வருது. ஹேண்டிலும் ஒரு மாதிரி இருக்கு. என்னன்னு பாரேன்."

பிள்ளையார் கோயில் வரை ஓட்டிப் போய்விட்டு வந்தேன். 40-இல் போகும்போது "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல். வேகம் கூடினால் சத்தமும் கூடுது. வண்டியை நிறுத்தி முன் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழன்னு போகுது, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் மாதிரி கையைப் பிடிக்குது. ஒரு கட்டை மேடு, அடுத்த கட்டை பள்ளம். இதைக் 'கப்பிங்' என்பார்கள். நம்ம ஆளுக்குப் பதில் கிடைச்சாச்சு!

அப்பாவை உட்காரவைத்துக் கணக்கு வேற போட்டுக் காட்டினேன். 18 இன்ச் ரிம். டயரோடு சேர்த்தால் விட்டம் சுமார் 60 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 1.9 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். அப்போ வீல் நொடிக்கு 6 தடவை சுற்றுது. டயரைச் சுற்றி 50 கட்டை என்று வைத்துக்கொண்டால், ரோட்டில் நொடிக்கு 300 தட்டு விழும். "அதுதான்பா அந்த ம்ம்ம். டயர் சத்தம்தான். மாத்திடுங்க."

"அப்ப ஹேண்டில் ஆடுறது?"

"அதுவும் டயராலதான்."

அந்தக் கடைசி வரியை நான் எந்தக் கணக்கும் போடாமல் சொன்னேன். அப்பாவும் அதுக்கு மேல கேட்கவில்லை. பொண்ணு படிச்சிருக்கா, சொன்னா சரியாத்தான் இருக்கும்.

டயர், டியூப், கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. ஒரு வாரம் கழித்து ஃபோன் பண்ணினேன். "இப்ப பரவால்ல தாயி" என்றார். அன்றைக்கு ஹாஸ்டல் முழுக்க என் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் மறுபடி ஊருக்குப் போனேன். அப்பாவிடமிருந்து எந்தப் புகாரும் இல்லை. அம்மாதான் சாப்பாடு போடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "உங்கப்பா இப்பல்லாம் நாலே முக்காலுக்கே கெளம்பிடுறாரு. வண்டி 30-க்கு மேல போனா ஆடுதாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன்பா சொல்லலைன்னு கேட்டேன். "நீதான் டயர் சத்தம்னு சொன்னியே. புது டயர், பழகுனா சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

எவ்வளவு நாளா இப்படி ஓட்டுறாருன்னு கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை முதலில் கேட்டது வண்டியை இல்லை, அப்பாவை. சத்தம் எப்ப வருது, எப்ப வராது, பிரேக் பிடிச்சா மாறுதா, ஹேண்டில் எந்த நேரத்தில் ஆடுது? அவர் சொன்னது எல்லாம் நோட்டில் எழுதினேன். சத்தம் எப்பவுமே இருக்கு. ஆட்டம், பிரேக் பிடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் அதிகம். இதையெல்லாம் பொங்கலுக்கே சொல்லியிருப்பார், நான் கேட்டிருந்தால்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். உங்கள் வண்டியிலும் இதைச் செய்து பார்க்கலாம், பெரிய டூல்ஸ் எதுவும் வேண்டாம்.

முதலில், ஆள் இல்லாத ரோட்டில் மெதுவாகப் போய் நியூட்ரலில் விட்டேன். இன்ஜின் சத்தம் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. அப்போ இன்ஜின் இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டேன். சத்தத்தின் தன்மை மாறவில்லை. அப்போ பிரேக் ஷூ மேலும் சந்தேகம் குறைவு.

வீட்டுக்கு வந்து வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, தம்பியைப் பின் சீட்டின் கடைசியில் உட்காரவைத்தேன். முன் வீல் தரையை விட்டு எழும்பியது. கையால் வீலைச் சுற்றிவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆக்ஸில் நுனியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். பழைய மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப் இது. (ஸ்போக்ஸ் பக்கம் விரல், துப்பட்டா, தலைமுடி எதுவும் போகாமல் பார்த்துக்கோங்க.) உள்ளே மண்ணை அரைக்கிற மாதிரி "கரகர". டயர் தரையில் படவே இல்லை, ஆனால் சத்தம் இருக்கு! பொங்கலுக்கு இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும், என் 300 தட்டுக் கணக்கு அங்கேயே மாட்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டும் சுற்றிப் பார்த்தேன். அதே கரகர.

அடுத்து, வீலின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து இடம் வலமாக அசைத்தேன். "டக்" என்று ஆட்டம். ஹப்புக்குள் இருக்கிற வீல் பேரிங் போயிருக்கு என்று அர்த்தம். பிறகு ரெண்டு ஃபோர்க்கின் அடிப்பாகத்தையும் பிடித்து முன்னும் பின்னுமாகத் தள்ளினேன். அங்கேயும் ஆட்டம். ஆனால் இது வீலில் இல்லை, மேலே ஹேண்டில் கழுத்தில், கோன் செட்டில். ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலம் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி பிடித்தது. அங்கே இருக்கிற குண்டுகள் தங்கள் பாதையில் தடம் பதித்துவிட்டன.

கடைசியாகக் காற்று. பெட்ரோல் பங்கில் பார்த்தால் 16 பி.எஸ்.ஐ. எங்கள் வண்டி மேனுவலில் முன் டயருக்குப் போட்டிருப்பது 25. அப்பா எப்பவும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து "போதும்" என்பவர்.

இப்போ புது டயரைத் தடவிப் பார்த்தேன். மூன்று மாதம் கூட ஆகலை, அதற்குள் அதே ரம்பம் லேசாக ஆரம்பித்திருந்தது. காற்று குறைந்தால் டயர் அதிகமாக நெளியும், ஓரக் கட்டைகள் ரோட்டில் தேயும். கோன் செட் லூஸாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் உதறும், ஒவ்வொரு உதறலிலும் டயர் கொஞ்சம் உரசும். ஆக, டயர் தேய்ந்ததால் ஹேண்டில் ஆடவில்லை. ஹேண்டில் ஆடினதால்தான் டயர் தேய்ந்திருக்கு. நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், நீங்கள் பயந்துவிடாமல் இருக்க. பழைய டயரில் வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அது கோளாறு இல்லை. மழைத்தண்ணி வடியணும்னு ரோட்டை நடுவில் மேடாகப் போடுவார்கள். நாம் இடது பக்கம் போகிறவர்கள், அதனால் நமக்கு வலது பக்கம் எப்பவும் கொஞ்சம் உயரம். வண்டி நேராக நின்றாலும் டயரின் வலது பாதிதான் ரோட்டில் கூடுதலாகப் படும். எல்லாத் தேய்மானமும் குற்றவாளி கிடையாது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. வீல் பேரிங்கைப் போன வருஷம்தான் ஒரு கடையில் மாற்றியிருந்தார் அப்பா. ஏன் அதற்குள் போச்சு?

திங்கட்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டே வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் ஆக்ஸிலை உருவி, வீலைக் கழற்றி, பேரிங்கைத் தட்டி எடுத்தார். ஒரு பக்கப் பேரிங்கின் கேஜ், அதாவது குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் தகடு, உடைந்து துண்டாக அவர் கையோடு வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். "இதுலயா அண்ணாச்சி தெனம் போயிட்டு வர்றீங்க?"

அப்பா சிரித்தார். என்னால் முடியவில்லை.

பிறகு அண்ணன் ஹப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "டிஸ்டன்ஸ் காலர் எங்க?"

அது ஒரு சாதாரண இரும்புக் குழாய். ரெண்டு பேரிங்குக்கும் நடுவில், ஆக்ஸிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பார்த்தால் எதுக்கு இருக்குன்னே தோணாது. ஆனால் ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது அந்த விசை முழுக்க ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து இந்தக் குழாய் வழியாகத்தான் அடுத்த பேரிங்கின் உள்வளையத்துக்குப் போகணும். குழாய் இல்லையென்றால், வெளிவளையங்கள் ஹப்பில் அப்படியே இருக்க, உள்வளையங்கள் ரெண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்படும். குண்டுகள் பள்ளத்தின் நடுவில் உருளாமல் ஓரத்தில் நசுங்கும். எங்கள் வண்டியில் இருந்தது 6301. 12 மில்லிமீட்டர் ஆக்ஸிலுக்கான பேரிங். மேலிருந்து வரும் எடையைத் தாங்கத்தான் முக்கியமாகச் செய்தது, பக்கவாட்டில் நட்டுப் போட்டு நெருக்கினால் அது எத்தனை நாள் தாங்கும்?

போன வருஷம் பேரிங் மாற்றியவர் அந்தக் குழாயைத் திருப்பிப் போட மறந்திருக்கிறார். நட்டை இறுக்கினால் வீல் முனகும், லூஸ் பண்ணினால் ஆடும். டயர் மாற்றிய பிறகு ஒரு வாரம் "பரவால்ல" என்று இருந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். புது டயரால் டயர் சத்தம் நின்றது, கழற்றி மாட்டியதில் நட்டின் இறுக்கமும் கொஞ்சம் மாறியிருக்கும். அதைத்தான் நான் என் வெற்றி என்று கொண்டாடினேன்.

இப்போ புரியுதா, ஏன் அந்தப் பதில் முழுத் தப்பு இல்லை என்று சொன்னேன் என்று? தேய்ந்த டயர் நிஜமாகவே சத்தம் போட்டது. அதை மாற்றியதும் சத்தம் நிஜமாகவே குறைந்தது. நான் முழுசாகத் தப்பாகச் சொல்லியிருந்தால் சத்தம் அப்படியே இருந்திருக்கும், அப்பா அடுத்த நாளே மெக்கானிக்கிடம் போயிருப்பார். பாதி சரியாகச் சொன்னதால்தான் அவர் மூன்று மாதம் உடைந்த பேரிங்கில், இருட்டில், நாலே முக்காலுக்குக் கிளம்பினார். அது ரோட்டில் இறுகி வீல் நின்றிருந்தால்? அந்த வாக்கியத்தை நான் முடிக்க விரும்பவில்லை.

ரெண்டு பேரிங், கோன் செட், காலர், கூலி எல்லாம் சேர்த்து நான் சொல்லி வாங்கின டயர் செலவைவிடக் குறைவாகத்தான் வந்தது. அதில் காலர் மட்டும் 40 ரூபாய். அண்ணன் மாட்டும்போது பக்கத்திலேயே நின்று, காலர் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன். நீங்களும் வீல் பேரிங் மாற்றினால் அப்படி நின்று பாருங்க. கடைக்காரர் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கிறேன். வீட்டில் யாராவது "ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால், அந்த "ஒரு மாதிரி"யை விட்டுடாதீங்க. தினமும் அந்த வண்டியில் உட்காருகிறவருக்கு அதன் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் மாற்றம் தெரியும். அவர் ரெண்டு குறை சொன்னால், ஒரே பதிலில் ரெண்டையும் அடைச்சிடாம, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்க.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா 25 பி.எஸ்.ஐ. காற்றோடு ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"முன்னாடி சத்தமே இல்ல தாயி. ஆனா இப்ப பின்னாடி செயின் சத்தம் கேக்குற மாதிரி இருக்கு."

நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்படிச் சத்தம்பா? எப்ப வருது?"