பேரில் மட்டும் கோழி

சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக்கில் சிக்கன் கிடையாது. மாட்டின் பின்தொடைக் கறியைத் தட்டி, கோழியைப் பொரிப்பதுபோல மாவில் புரட்டிப் பொரிப்பதால் அந்தப் பேர். 19ஆம் நூற்றாண்டில் டெக்ஸஸில் குடியேறிய ஜெர்மானியர்களின் ஷ்னிட்செல்தான் இதற்கு மூதாதை என்பார்கள். லமேசா என்கிற ஊர், இது பிறந்தது எங்களிடம்தான் என்று சொந்தம் கொண்டாடுகிறது. 2011இல் டெக்ஸஸ் சட்டமன்றம் அக்டோபர் 26ஐ இதற்கான நாளாகவே அறிவித்துவிட்டது.

எனக்கு அந்தப் பேர் வேறு விதத்தில் உதவியது. டாலஸ் வந்ததிலிருந்து, வீடியோ காலில் அம்மா "அடுப்புல என்னடா?" என்று கேட்டால் "சிக்கன்மா" என்பேன். பேரில் பாதியைச் சொல்வது பொய்யாகுமா என்று யாராவது கேட்டால் வாதாடத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

முதல் தடவை செய்தபோது மேல்மாவு சட்டை மாதிரி மொத்தமாகக் கழன்று எண்ணெயில் மிதந்தது. அவசரம்தான் காரணம். மாவு, பிறகு முட்டை அடித்த பால், மறுபடி மாவு என்று புரட்டிவிட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். மாவு ஈரத்தைக் குடித்துக் கறியோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ், பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். அதே சட்டியில் கொஞ்சம் எண்ணெயை மட்டும் விட்டு, மாவை வறுத்து, பால் ஊற்றி, மிளகைத் தாராளமாகப் போட்டால் கிரேவி. அடியில் ஒட்டிய துணுக்குகளில்தான் அதன் ருசியே இருக்கிறது.

போன வருடம் அம்மா வந்தாள். கையோடு ஊரிலிருந்து தோசைக்கல். இரண்டு மாதம் நான் மாட்டுக்கறி பக்கமே போகவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, பல் வைத்த சுத்தியலால் கறியைத் தட்ட ஆரம்பித்தேன். மலிவான, நார் நாரான கறி; நன்றாகத் தட்டாவிட்டால் வேலைக்காகாது.

"கோழிக்கு எதுக்குடா இவ்ளோ அடி?"

வாசலில் நின்றிருந்தாள். பலகையில் கிடந்த சிவப்பைப் பார்த்தாள்.

"கோழி இல்லம்மா."

"அது தெரியுது. எட்டு வருஷமா அப்படித்தானே சொன்னே?"

வாதமெல்லாம் தயாராக வைத்திருந்தேன் இல்லையா, ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் உள்ளே வந்து தோசைக்கல்லை எடுத்து, துணியில் சுற்றி, மேல் அலமாரியில் வைத்தாள்.

"நீ சாப்பிடு. இதுல மட்டும் தொடாதே."

அன்றைக்குக் கிரேவியை இரண்டு சட்டியில் செய்தேன். ஒன்று வழக்கம்போல. இன்னொன்று தனிச் சட்டியில், தனிக் கரண்டி போட்டு, வெறும் வெண்ணெயில் மாவை வறுத்து. அதில் ருசி பாதிகூட வராது. ரொட்டி இரண்டு துண்டோடு அதை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்காராமல் ஹாலுக்குப் போய்விட்டாள். நான் மேசையில் தனியாக உட்கார்ந்து ஸ்டேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். டிவி சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"மிளகு பத்தலைடா."