நீலப் பெட்டியும் ஒரு 'காணவில்லை' அறிவித்தலும்

முப்பது ஆண்டுகளாக அரசியலையும் போரையும் எழுதிவந்த ஒருவன் ஆங்கிலேயச் சிறுவர்களுக்கான விஞ்ஞானக் கற்பனைத் தொடர் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்கள் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைத்துவிட்டுப் படியுங்கள். பல ஆண்டுகளாக மனதில் கிடக்கும் விடயம்.

2014 ஜனவரியில் இலண்டனில் அக்கா வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தேன். தென் இங்கிலாந்து முழுவதும் ஓயாத மழை. அத்தானும் அக்காவும் வேலைக்குப் போய்விட, நானும் இருபது வயது மருமகனும் வீட்டில் அடைபட்டுக் கிடந்தோம். 'டொக்டர் ஹூ' தொடரின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு அப்போதுதான் கொண்டாடப்பட்டிருந்தது. மருமகன் அதன் பக்தன். பழைய தட்டுகளையும் புதியவற்றையும் அடுக்கிவைத்துவிட்டு, "மாமா, பழசைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது" என்ற நிபந்தனையோடு தொடங்கினான்.

நான் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நாடகத்தை ஒரு பாடமாகப் படித்தவன் நான். குரொட்டோவ்ஸ்கியின் 'வறிய அரங்கு' பற்றிப் பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவன். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் நான் கண்டது எனக்கு நன்கு பழக்கப்பட்ட வறுமை.

1963 நவம்பர் 23 ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்ட மறுநாள், பி.பி.சி. இத்தொடரை ஆரம்பித்தது. தயாரிப்பாளர் வெரிட்டி லம்பேர்ட்டுக்கு அப்போது 27 வயது. முதற் கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். ஒரு பாகத்துக்கு ஏறத்தாழ 2,300 பவுண்தான் ஒதுக்கப்பட்டது. காலத்தையும் வெளியையும் கடக்கும் 'டார்டிஸ்' என்ற கலம் போகுமிடத்துக்கு ஏற்ப உருமாற வேண்டும். கதைக்குக் கதை புதிய கலம் செய்யப் பணம் ஏது? உருமாற்றும் பொறி பழுதாகிவிட்டது என்று கதையிலேயே சொல்லி, இலண்டன் தெருக்களில் அந்நாளில் நின்ற நீலநிறப் பொலிஸ் தொலைபேசிப் பெட்டியின் உருவிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். கலம் புறப்படும் ஓசை, பழைய பியானோ ஒன்றின் தந்திகளில் வீட்டுத் திறப்பை உரசி எடுக்கப்பட்டது. முகப்பிசையை ரொன் கிறெய்னர் எழுதினார். அதற்கு ஒலியுருவம் தந்தவர் டெலியா டேர்பிஷையர் என்ற பெண். ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி அதை உருவாக்கினார். அவருடைய பெயர் திரையில் வந்தது 2013 இல். அவர் 2001 இலேயே காலமாகிவிட்டார்.

டாலெக் என்ற இயந்திரப் பகைவரின் கை, கழுவுதொட்டி அடைப்பெடுக்கும் றப்பர்க் கிண்ணமேதான். அதைக் கண்டு எவர் அஞ்சுவார்? ஆனால் 1963 டிசம்பர் 21 இல் ஒளிபரப்பான பாகத்தின் முடிவில் டாலெக்கை அவர்கள் காட்டவே இல்லை. அந்தக் கை மட்டும் மெல்ல நெருங்குகிறது, சுவரோடு ஒட்டி நிற்கும் பெண் வீரிடுகிறாள், அத்தோடு முடிகிறது. ஒரு வாரம் முழுவதும் அந்தக் கைக்குரிய உடலைப் பார்வையாளனே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த வித்தை புதிதல்ல. ஒலிநாடா மட்டுமே எஞ்சியுள்ள பாகங்களையும் மருமகன் போட்டுக் காட்டினான். பி.பி.சி. நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாகங்களின் படம் இன்று இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சில இரசிகர்கள் பதிவுசெய்ததால் குரல்களாவது பிழைத்தன. ஒன்பது பாகங்கள் 2013 இல் நைஜீரியாவில் கிடைத்தன.

தொடர் 1989 இல் நின்றது. 2005 மார்ச் 26 இல் ரஸல் டி. டேவிஸ் அதை வேல்ஸிலிருந்து புதுப்பித்தார். முதல் நாளே பத்து மில்லியனுக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். புதியதை ஓரக்கண்ணாற்றான் நான் பார்க்கத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் தெரிகிறது. இசைக்குழு முழங்கி வசனத்தை விழுங்குகிறது. ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் பிரபஞ்சம் அழியப் பார்க்கிறது. அழிவும் வழக்கமாகிவிட்டால் அச்சம் எங்கே வரும்? நான்காவது பாகத்தில் ஒரு விண்கலம் பிக் பென் கோபுரத்தை இடித்துக்கொண்டு தேம்ஸ் நதியில் வீழ்கிறது. பிரதமரின் இல்லத்தில் புகுந்துள்ள வேற்றுக்கிரகவாசிகள் வாயுத் தொல்லையால் அவதிப்படுகிறார்கள். இதற்கோ இத்தனை செலவு என்று எண்ணினேன்.

ஆனால் அதே பாகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? றோஸ் என்ற கடைச் சிப்பந்திப் பெண் டொக்டருடன் பயணம் போனவள். பன்னிரண்டு மணித்தியாலங்களில் வீடு திரும்பிவிட்டதாக நம்பி அவள் மாடியேறி ஓடுகிறாள். கீழே தூணில் ஒட்டப்பட்டிருக்கும் ஓர் அறிவித்தலை டொக்டர் வாசிக்கிறார். றோஸின் படம். காணவில்லை. கணக்குப் பிழைத்துவிட்டது. சென்றது பன்னிரண்டு மாதங்கள். மேலே, மகளைக் கண்ட தாயின் கையிலிருந்து கோப்பை நழுவுகிறது. வீட்டுக்குள்ளே அதே அறிவித்தலின் பிரதிகள் குவிந்து கிடக்கின்றன. றோஸின் காதலனைக் கொலைச் சந்தேகத்தில் பொலிஸார் ஐந்து முறை விசாரித்திருக்கிறார்கள். தாய் டொக்டரின் கன்னத்தில் அறைகிறாள்.

நான் நிறுத்தச் சொன்னேன். முந்திய நாள்தான் பழைய தொடரின் 1965 ஆம் ஆண்டுக் கதை ஒன்றைப் பார்த்திருந்தோம். 1963 இல் டொக்டர் அவர்களது விருப்பத்தைக் கேளாமலே கொண்டுபோன இயன், பார்பரா என்ற இரு ஆசிரியர்களும் இரண்டாண்டுகளுக்குப் பிறகு இலண்டனுக்கு மீள்கிறார்கள். ஊரெங்கும் சுற்றிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பஸ்ஸில் பழைய கட்டணத்தைச் சொல்லி நடத்துநரை வியக்க வைக்கிறார்கள். அவ்வளவுதான். அவர்களைத் தேடிய தாய் தந்தையர், பாடசாலை, பொலிஸ் முறைப்பாடு, எதுவும் இல்லை. அந்தக் காட்சியை இரசித்துச் சிரித்தவன் நான். இக்குறையைப் பணத்தின் மேற் சுமத்த முடியாது. தட்டச்சில் அடித்த ஒரு துண்டுக் கடதாசிக்கு 1965 இல் என்ன செலவாகியிருக்கும்?

1997 இல் கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். யாழ்ப்பாணத்தில், முந்திய ஆண்டில், கைதாகித் திரும்பாத மகனின் கடவுச்சீட்டு அளவுப் படம் அவரிடம் இருந்தது. செய்தி எழுதினேன். இடமில்லை என்று படத்தை ஒற்றைப் பத்தியின் மூலையில் முத்திரையளவாகச் சுருக்கியவனும் நானே. இரண்டு நாட்கள் கழித்துப் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி மீண்டும் வந்தார். மை அப்பி முகம் கறுத்திருந்தது. "தம்பி, இது என்ர பிள்ளையின்ர முகமே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்த வாரம் பக்கங்கள் குறைவு, விளம்பரம் அதிகம் என்று நான் ஏதோ விளக்கினேன். மறுபடி போடுவதாகச் சொன்னேன். போடவில்லை. அவரும் பிறகு வரவில்லை.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தாய்மார் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்தபோது, அந்த முகங்களுள் அவருடையதைத் தேடினேன். இருபது ஆண்டுகளில் எனக்கு அவருடைய முகமும் மறந்துபோயிருந்தது.

திரையில் காட்சி நின்றபடியே இருந்தது. ஏன் மாமா என்று மருமகன் கேட்டான். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. இந்தத் தாயின் பகுதியை மறுபடி போடு என்றேன்.

"அதையா? பதினொரு வயதில் இந்த இடம் வந்தால் நான் வேகமாக ஓட்டிவிடுவேன். அவ அழுதுகொண்டே இருப்பா. எப்ப ராட்சதர் வருவினம் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றான். பின்னோக்கி நகர்த்தினான். இம்முறை அவனும் கதிரையை இழுத்து என்னருகே போட்டுக்கொண்டு பார்த்தான்.