பாதை போட்டுக் கொடுத்தவர்

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதிக்கொண்டது. தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைத்தும் பனியில் ரோடு மூடிக்கொண்டதால் நீ கிளம்ப முடியாமல் போனதையும், அதை நினைத்து மனசு ஒடிந்திருப்பதையும் உன் அப்பா சொன்னார். பாட்டிக்கு அதில் துளியும் வருத்தமில்லை கண்ணு. 1965-இல் உன் கொள்ளுத்தாத்தா இறந்தபோது, தந்தி போய்ச் சேர்ந்து தாத்தா வருவதற்குள் எல்லாமே முடிந்துவிட்டதாம். "பட்டாளத்து வீட்டுல இது புதுசா?" என்றுதான் பாட்டி கேட்டாள்.

தாத்தாவின் காரியத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கணியம்பாடி, கண்ணமங்கலம், கம்மவான்பேட்டை பக்கத்திலிருந்து பழைய பட்டாளத்துக்காரர்கள் விடியும்போதே வந்துவிட்டார்கள். சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். அவர்களில் ஒருவர் தாத்தாவோடு ஒரே கம்பெனியில் இருந்தவர். கைத்தடியைத் திண்ணையில் சாத்திவிட்டு, பிடிமானம் இல்லாமல் நிமிர்ந்து நின்றார். அவர் சொல்லித்தான் பசந்தர் ஆற்றில் நடந்தது எங்களுக்கு முழுசாகத் தெரிந்தது. என் அப்பா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கேட்டால், "டாங்கி போகணும்னாங்க, நாங்க பாதை போட்டுக் குடுத்தோம்" என்று முடித்துவிடுவார்.

சீனப் போர் முடிந்து படையைப் பெருக்கிய சமயம், 1963-இல், காட்பாடியில் ரயிலேறி பெங்களூர் போனவர் அவர். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டரில் பயிற்சி. 1780-இல் தொடங்கிய படை அது. துப்பாக்கியோடு மண்வெட்டியையும் தூக்குகிற வேலை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1971 பாகிஸ்தான் போர், டிசம்பர் 15 இரவு. ஷகர்கர் பகுதி. காலாட்படை பசந்தரைக் கடந்து அக்கரையைப் பிடித்துவிட்டது. விடிவதற்குள் டாங்கிகள் போய்ச் சேராவிட்டால் அவர்கள் கதி அவ்வளவுதான். நடுவில் கண்ணிவெடி புதைத்த நிலம். அதைத் திறந்துவிடும் வேலை தாத்தாவின் 9-ஆவது எஞ்சினியர் ரெஜிமென்டுக்கு. ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போது குப்புறப் படுத்து, கம்பியை மண்ணில் சாய்வாகச் செருகிச் செருகிப் பார்க்க வேண்டுமாம். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்த்தால் பக்கவாட்டில்தான் தட்டும். பார்த்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. பாதை முழுசாகத் திறப்பதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் டாங்கிகள் துணிந்து இறங்கிவிட்டன. மறுநாள் 21 வயதில் வீரமரணமடைந்து பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பால் அந்தப் படைதான். தாத்தாவின் ரெஜிமென்டில் மேஜர் சௌத்ரியும் அந்தப் போரில் உயிரை விட்டார். அவருக்கு மகாவீர் சக்ரா. இதைச் சொல்லும்போது அந்தப் பெரியவருக்குக் குரல் அடைத்துவிட்டது. "உங்கப்பன் கை நடுங்காதும்மா, அவன் பக்கத்துல படுத்திருந்தா எனக்கும் நடுங்காது" என்றார்.

கொல்லையில் மண்ணுக்குள் ஒரு தகரமோ இரும்போ தெரிந்தால் தாத்தா பிள்ளைகள் யாரையும் தொடவிட மாட்டார், நினைவிருக்கிறதா? நீ நாலு வயசில் துருப்பிடித்த டப்பா ஒன்றை எடுக்கப் போய் வாங்கிய அதட்டலில் ஊரே திரும்பிப் பார்த்தது. அவர் உன்னை அதட்டியது அந்த ஒரு தரம்தான்.

எனக்கு அவர் முதலில் காகிதமாகத்தான் தெரியும். மாதம் பிறந்தால் மணியார்டர், இடையில் இன்லாண்டு லெட்டர். ஊர்ப்பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத்துத் தபால் எண் மட்டும் இருக்கும். இப்போது உன் முகவரியிலும் அதே எண்ணை எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிடுகிறது. லீவில் வந்தால் பள்ளிக்கூடம் கிளம்பும் எனக்கு இரட்டைப் பின்னல் அவர்தான் போடுவார். கயிறு முடிந்து பழகிய கை. சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது. தெருப் பெண்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

1984-இல் ஹவில்தாராக பென்ஷன் வாங்கி வந்தார். கையில் வந்த பணத்தில் நிலம் வாங்கச் சொல்லி உறவுக்காரர்கள் மொய்த்தார்கள். அவர் முதலில் கட்டியது கழிப்பறை. குழி தோண்டியது, உறை இறக்கியது, சுவர் எழுப்பியது எல்லாம் அவரே. நம் தெருவிலேயே அதுதான் முதல். "பொட்டப்புள்ளைங்க எதுக்கு இருட்டுறவரைக்கும் காத்துக் கிடக்கணும்?" என்றார். எதிர்வீட்டுப் பெண்களும் வந்து போகட்டும் என்று பின்பக்கம் தனியாகக் கதவு வைத்தார். பிறகு நாலைந்து வீட்டுக்கு அவரே போய்க் கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார். பசந்தரில் செய்ததற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பேன். அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று பெண்களுக்குத்தான் தெரியும்.

கடைசி இரண்டு வருடம் பாட்டிக்கு முழங்கால் முடியாமல் போனபோது சமையல் அவர் கைக்கு வந்தது. பட்டாளத்து லங்கரில் பழகிய அளவு மாறவே இல்லை. பருப்பு எப்போதும் பத்துப் பேருக்கு இருக்கும். மீந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். 81 வயசிலும் தினமும் சவரம், மடித்த போர்வை, பளபளக்கும் செருப்பு. படுக்கையில் விழுந்தது ஒரே வாரம். அந்த வாரமும் பாட்டி மாத்திரை போட்டாளா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பஷ்சிமி ஸ்டாரும் சங்கிராம் பதக்கமும் துணியில் சுற்றி அடியில் இருந்தன. மேலே நாங்கள் எழுதிய கடிதங்கள், வருட வாரியாகக் கட்டிவைத்தபடி. பதக்கம் இரண்டும் உனக்கென்று பாட்டி எடுத்துவைத்துவிட்டாள். குடும்ப பென்ஷனுக்கான காகிதங்களை உன் அப்பா கொடுத்துவிட்டார். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

அடுத்த லீவில் வேறெங்கும் போகாமல் நேராக ஊருக்கு வா. பாட்டிக்குப் போனில் பேசினால் சரியாகக் காது கேட்பதில்லை, ஆனால் எழுத்து நன்றாகத் தெரிகிறது. அதனால் வாரத்துக்கு நாலு வரியாவது அவளுக்கு எழுதிப் போடு.

அன்புடன்,
உன் அத்தை