பலிரோவில் முந்நூறு சுற்று

ஏதென்ஸ் மாநகரைக் காணச் செல்வோர் யாவரும் முதலில் அக்ரோபோலிஸ் குன்றையே நாடுவர். யானும் அவ்வாறே சென்று, பார்த்தினன் கோயிலின் தூண்களைக் கண்டு வியந்து நின்றேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் ஒருவனுக்கு அதுவே பெரும்பேறு. எனினும், அந்நகரில் யான் காண விழைந்த இடம் வேறொன்றும் இருந்தது. நியோ பலிரோ என்பது அதன் பெயர்.

ஏதென்சிலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1869ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இன்று மின்சாரத்தால் ஓடும் வண்டியில் ஏறி, துறைமுகத்தை அடையுமுன் வரும் பலிரோ நிலையத்தில் இறங்கினேன். ஒரு புறமிருந்து கடற்காற்று வீசியது. மறுபுறத்தில் பெரியதோர் உதைபந்தாட்ட அரங்கு உயர்ந்து நின்றது. கிரேக்க விடுதலைப் போரில், 1827இல், இப்பகுதியிற் படுகாயமுற்று மடிந்த கரைஸ்காக்கிஸ் என்னும் வீரரின் பெயரை அது தாங்குகின்றது. முன்னிருந்த அரங்கை இடித்து, 2004ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்காகப் புதிதாக எழுப்பிய கட்டடம் அது.

அதே மண்ணிலேதான், 1896இல், புத்துயிர் பெற்ற முதலாவது ஒலிம்பிக் விழாவின் துவிச்சக்கரவண்டிப் பந்தயங்கள் நடைபெற்றன. அன்று அங்கிருந்த ஓடுபாதையை மூன்று முறை சுற்றினால் ஒரு கிலோமீற்றர் நிறைவுறும். மொத்தம் ஆறு பந்தயங்கள். ஐந்து இப்பாதையிலும் ஒன்று தெருவிலும் நடந்தன. அன்று தொடங்கிய துவிச்சக்கரவண்டிப் போட்டி, அதன்பின் எந்த ஒலிம்பிக் விழாவிலும் விடுபட்டதில்லை. அரங்கை ஒருமுறை வலம் வந்தேன். அப்பந்தயங்களின் அடையாளம் எதுவும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் அங்கு நிகழ்ந்தவற்றை எண்ணியபடியே மதிலோரமாக அமர்ந்தேன்.

ஏப்ரில் 8ஆம் நாள் நூறு கிலோமீற்றர்ப் பந்தயம். முந்நூறு முறை அதே வட்டத்தைச் சுற்றவேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டனர். இறுதிவரை நிலைத்தவர் இருவரே. ஒருவர் பிரான்சு தேசத்து லெயோன் பிளாமெங்; பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞர். மற்றவர் கிரேக்கரான கொலெற்றிஸ். இடையில் கொலெற்றிசின் வண்டி பழுதுற்றது. முன்னே சென்றுகொண்டிருந்த பிளாமெங், தம் வண்டியை நிறுத்தி, எதிராளி மீண்டும் ஆயத்தமாகும் வரை காத்து நின்றார். பின்னர் பிளாமெங் தாமும் ஒருமுறை கீழே விழுந்தார், எழுந்து ஓட்டினார், மூன்று மணி எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில், பல சுற்றுக்கள் முந்தி வெற்றி பெற்றார். அவ்விளைஞர் 1917இல், முதலாம் உலகப் போரிலே, விமானப் படையிற் பணியாற்றும்போது உயிர் துறந்தார்.

ஏப்ரில் 13ஆம் நாள் நிகழ்ந்ததோ வேறு வகையான சோதனை. காலை ஐந்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை, பன்னிரண்டு மணி நேர ஓட்டம். ஒஸ்திரியரான அடொல்ப் ஷ்மால் ஏறத்தாழ 315 கிலோமீற்றர் ஓடி முதலாவதாக வந்தார். ஒரேயொரு சுற்றினால் பின்தங்கியவர் பிரெடெரிக் கீப்பிங் என்னும் ஆங்கிலேயர். இவர் ஏதென்சிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தில் வேலையாளாக இருந்தவர். ஏவல் செய்து பிழைக்கும் ஒருவன் கனவான்களோடு போட்டியிடலாகாது என்று, அந்நகரில் வாழ்ந்த அவருடைய நாட்டவர் சிலரே மறுப்புத் தெரிவித்தனராம். பன்னிரண்டு மணி நேரம் வண்டி மிதித்து அவர் அதற்கு விடையளித்தார். அவருடைய மகன் பிற்காலத்தில் உதைபந்தாட்டத்திற் புகழெய்தி, ரியல் மாட்ரிட் கழகத்தின் பயிற்றுநராக விளங்கினார்.

இவற்றுள் என் நெஞ்சைவிட்டு அகலாதது பிளாமெங் காத்து நின்ற அந்தச் சில நிமிடங்களே. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளின் முன், எங்கள் கல்லூரியின் இல்லங்களுக்கிடையே துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டி நடந்தது. என் பொறுப்பிலிருந்த இல்லத்து மாணவன் ஒருவன் எல்லோருக்கும் முன்னே வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவன் மதகொன்றில் மோதி விழுந்தான். என் மாணவன் திரும்பிப் பார்த்தான், வண்டியைத் திருப்பினான், விழுந்தவனைத் தூக்கி நிழலில் இருத்திய பின்னரே மீண்டும் ஓட்டினான். மூன்றாம் இடமே கிடைத்தது. அவ்வாண்டுக் கேடயமும் சில புள்ளிகளால் எங்கள் கைநழுவிற்று.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "இரக்கப்படுவதற்குப் பந்தயம் முடிந்த பிறகு நேரம் இல்லையா?" என்று மற்ற மாணவர்கள் முன்னிலையிலேயே கடிந்தேன்.

"சேர், அவன்ரை தலையிலை இருந்து இரத்தம் வந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் தலை குனிந்து நின்றான். அந்நிற்பு இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

பலிரோவின் மதிலோரத்தில் இருந்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. பிளாமெங் காத்து நின்றும் வென்றார். ஆதலின் அவரைப் புகழ்வது உலகுக்கு எளிது. வகுப்பிலே அவர் கதையை யானே பலமுறை சுவைபடக் கூறியிருக்கிறேன். என் மாணவனோ காத்து நின்று தோற்றான். அவனுக்குக் கிடைத்தது என் ஏச்சு. பிரெஞ்சுக்காரனிடம் அறமெனக் கண்டதை, என் முன்னால் நின்ற சிறுவனிடம் பேதைமையென எண்ணினேன். கேடயத்தின் மீதிருந்த ஆசை ஆசிரியனின் கண்ணையும் மறைத்துவிட்டது.

பொழுது சாயும் வேளையில் நிலையத்துக்குத் திரும்பினேன். அருகிலிருந்த சிறு கடையொன்றில், பலிரோக் கடற்கரையின் படம் பொறித்த அஞ்சலட்டை ஒன்றை வாங்கினேன். அம்மாணவன் இன்று இரு பிள்ளைகளின் தந்தை. அவன் முகவரி என் குறிப்பேட்டில் இருந்தது. முந்நூறு சுற்றின் கதையை அச்சிறிய இடத்தில் எழுத இயலாது. ஆகவே, "தம்பி, அன்று நீ செய்ததே சரி. பிழை என்னுடையது" என்று மாத்திரம் எழுதித் தபாற்பெட்டியிலே சேர்த்தேன். துறைமுகத்திலிருந்து வண்டி வந்தது, ஏறி அமர்ந்தேன்.