போர்ட் கொச்சியில் ஒரு சாரணர் நடை

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களைப் போர்ட் கொச்சிக்கு அழைத்துச் சென்று காட்டுவது நம் குடும்பங்களின் வழக்கம். சீனவலை, பழைய தேவாலயம், மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு ஆகிய நான்கையும் பார்ப்போம். கடற்கரையில் வறுத்த கடலை வாங்கித் தின்போம். மாலைப் படகில் திரும்பிவிடுவோம். பல ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்கின்ற நாமும் விருந்தினரைப் போலவே இவ்வூரைப் பார்த்துப் பழகிவிட்டோம். நம் பிள்ளைகளோ அப்படியல்லர். அவர்கள் பிறந்த ஊர் இது. அவர்கள் இதை வேறு விதமாகக் காண வேண்டும். அதற்கு ஒரு வழி சாரணர் இயக்கம் என்பதை நம் இதழ் படிக்கும் பெற்றோருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஒன்பது பேருடன் போர்ட் கொச்சி முழுவதும் நடந்து வந்தேன். அவர்களில் நால்வர் தங்கள் பள்ளிகளில் சாரணராகவும் சாரணியராகவும் இருப்பவர்கள். மற்ற ஐவர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியே எங்களுக்குத் தலைவி. அவள் கையில் ஒரு குறிப்பேடு, இடுப்பில் ஒரு கயிறு, தோளில் ஒரு தண்ணீர்ப் புட்டி. இவற்றைத் தவிர வேறொன்றும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கயிறு கற்பித்த பாடம்

நடையை வேலிப் பகுதியிலுள்ள சலவைக் கூடத்திலிருந்து தொடங்கினோம். டோபிகானா என்று ஊரார் அழைக்கும் அவ்விடம் தமிழர் வரலாற்றில் ஒரு பக்கம். டச்சுப் படைவீரரின் உடைகளைச் சலவை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து தங்கள் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்று அங்குள்ள வண்ணார் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இப்போதுள்ள கூடம் 1976-இல் கட்டப்பெற்றது. அவர்களுடைய சங்கமே அதை நடத்தி வருகிறது.

கூடத்தை அடுத்த வெளியில் வெள்ளைத் துணிகள் வரிசை வரிசையாகக் காய்கின்றன. ஒன்றிலும் கவ்வி இல்லை. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி, அம்முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். எங்கள் தலைவி அதை உற்று நோக்கி, “கிளிப் இல்லாமல் காற்றில் பறந்துவிடாதா, தாத்தா?” என்று அங்கிருந்த முதியவரை வினவினாள். அவர் சிரித்துக்கொண்டு, “கிளிப்பு எதுக்கும்மா? கயித்தை முறுக்கி வெச்சா காத்து என்னத்தைப் பண்ணும்?” என்றார். பிறகு துணி செருகும் முறையைத் தம் கையாலேயே செய்து காட்டினார். அவருடைய பேரனும் எங்கள் ஒன்பது பேரில் ஒருவன். இதுநாள்வரை தாத்தாவின் தொழிலைப் பற்றி வகுப்பில் வாய் திறவாதவன், அன்று மற்ற எண்மருக்கும் ஆசிரியனானான்.

சாரணர் பயிற்சியின் தொடக்கமே முடிச்சுகள்தாம். இரு கயிறுகளை இணைக்க ஒன்று, கம்பத்தில் கட்ட ஒன்று, கிணற்றில் விழுந்தவரைத் தூக்க ஒன்று எனப் பலவகை உண்டு. அவற்றைப் புத்தகத்திற் படிப்பது வேறு. வாழ்நாளெல்லாம் கயிற்றோடு பழகிய கையைக் கண்டு கற்பது வேறு.

அணிவகுப்புத் திடலில்

அங்கிருந்து பரேடு மைதானத்தை அடைந்தோம். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூன்று நாட்டுப் படைகள் அணிவகுத்த திடல் அது. இன்று பிள்ளைகள் பந்தாடுகின்றனர். சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்தாற்போல் நிற்கின்றன. அந்நிழலில் அமர்ந்து இயக்கத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் ஓர் ஆங்கிலேயப் படைத் தலைவர். இளமையில் 1876-இல் இந்தியாவுக்கு வந்து பணியாற்றியவர். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் இருபது சிறுவர்களைக் கொண்டு முதற் பாசறையை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் தங்கினர் என்பது கருதத்தக்கது.

இந்தியாவில் 1909-இல் பெங்களூரில் முதற் படை தொடங்கியது. ஆனால் அக்காலத்தில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கே அதில் இடமிருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு அடைத்திருந்தது. அந்நிலையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். அச்சிறுவர்கள் தலைப்பாகை அணிந்து, இந்தியப் பாடல்களைப் பாடினர். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்து அச்சங்கத்தையும் தம் இயக்கத்தோடு இணைத்துக்கொண்டார். விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு சாரணியரும் அதிற் சேர்ந்தனர். அடைத்த கதவைத் திறந்த கை சென்னையினுடையது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

மைதானத்தின் ஓரத்தில் உள்ள ஒரு விளக்குக் கம்பத்தின் உயரத்தை ஏறாமலே அளந்தறியுமாறு தலைவி கட்டளையிட்டாள். வழி எளிது. ஐந்தடி உயரமுள்ள சிறுவனின் நிழல் நான்கடியாக இருக்கும் வேளையில் கம்பத்தின் நிழல் பதினாறடி என்றால் கம்பம் இருபதடி. கணக்கில் பின்தங்கியவன் என்று பெயரெடுத்த பையன் ஒருவனே முதலில் விடை கூறினான்.

அருகிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வேறொரு விளையாட்டு. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் உடல் முதலில் இங்கேதான் புதைக்கப்பட்டது. பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஐந்து நிமிடம் உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து, கண்டவற்றை எழுத வேண்டும் என்பது ஆட்டம். தட்டில் 24 பொருள்களை ஒரு நிமிடம் காட்டி மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்வது சாரணர்களின் பழைய விளையாட்டு. இது அதன் வேறு வடிவம். கல்லறைக் கற்களைப் பெரும்பாலோர் எழுதினர். வெளியிலிருந்து கயிற்றால் இழுக்கப்படும் பழைய துணி விசிறிகளை இருவர் மட்டுமே எழுதினர். பலமுறை அங்குச் சென்றிருந்த நானும் அன்றுதான் அவ்விசிறிகளின் கயிறு எங்கே செல்கிறது என்று கவனித்தேன்.

சீனவலைகளின் அருகில் நெடுநேரம் நின்றோம். நீண்ட மரங்களைக் கட்டி அமைத்த துலா அது. ஒருபுறம் வலை, மறுபுறம் கயிறுகளிற் கோத்துத் தொங்கும் பெருங்கற்கள். வலையின் பாரத்தைக் கற்கள் ஈடு செய்வதால் சில ஆட்கள் சேர்ந்தே அத்தனை பெரிய வலையை நீரிலிருந்து தூக்கிவிடுகின்றனர். ஆயினும் ஒருவன் கயிற்றை முன்னதாக விட்டால் மற்றவர் உழைப்பு வீணாகும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சாரணர் அணி இயங்கும் முறையும் இதுவே. மூத்தவன் ஏவிவிட்டு நிற்பதில்லை. அவனும் கயிற்றைப் பிடிக்கிறான்.

நம் பிள்ளைகளின் இடம்

கடைவீதி வழியாக மட்டாஞ்சேரிக்கு நடந்தோம். மிளகு, சுக்கு, தேயிலை ஆகியவற்றின் மணம் இன்னும் அப்பண்டகசாலைகளை விட்டு அகலவில்லை. போர்ட் கொச்சி 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளம் அமையும்வரை மலபார் மாவட்டத்தைச் சேர்ந்து சென்னையின் ஆட்சியில் இருந்தது. சில தெருக்கள் தள்ளியுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் நாடாக இருந்தது. 1967-இல் மாநகராட்சி அமைந்தபோதுதான் இரண்டும் எர்ணாகுளத்தோடு ஒரே நகராயின. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் ஆகிய மொழிகளைப் பேசுவோர் இங்கே அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர்.

அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் சில வேளைகளில் பள்ளியில் ‘பாண்டி’ என்ற கேலியைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகின்றனர். இதை நாம் பேசாமல் விட்டுவிடுவதுண்டு. பேசாமல் விட்டால் அது பிள்ளையின் மனத்தில் தங்கிவிடும். சாரணர் அணியில் மொழியைக் கேட்டு இடம் தருவதில்லை. முடிச்சு அவிழாமல் கட்டுபவன், கூடாரத்தை மழைக்கு முன் எழுப்புபவன், காயத்துக்குக் கட்டுப் போடுபவன் எவனோ அவனே அணித் தலைவனாகிறான். சாரணன் எல்லோருக்கும் நண்பன் என்பது அவர்கள் விதிகளில் ஒன்று. அவ்விதியை ஓராண்டு ஒரே கூடாரத்தில் இருந்து பழகிய பிள்ளைகளிடையே அக்கேலி நெடுநாள் நிலைப்பதில்லை. எங்களோடு வந்த நால்வரைப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுக் கணக்கு

இனி, ரயில்வேயில் எழுத்தனாக இருப்பவன் என்ற முறையில் ஒரு செய்தி. சில மாதங்களுக்கு முன் நம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த இளைஞன் ஓர் அறிவிப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். “அண்ணே, ரயில்வேயில் சாரணர்களுக்குத் தனி இடம் உண்டாமே! இப்போது சேர்ந்தால் கிடைக்குமா?” என்று கேட்டான். வயது இருபத்திரண்டு. நல்ல உழைப்பாளி. பள்ளியில் சாரணர் படை இருந்தும், “படிப்பு கெடும்” என்று வீட்டில் அனுப்பவில்லை. அவனுக்கு நான் சொல்லக்கூடிய விடை ஒன்றுதான் இருந்தது. ஐந்து ஆண்டுகளை ஒரு மாதத்தில் ஈட்ட முடியாது.

அவ்விதியின் சாரம் வருமாறு: குடியரசுத் தலைவர் விருது பெற்ற சாரணர், சாரணியர், திரிசாரணர், திரிசாரணியராக இருக்க வேண்டும், அல்லது ஹிமாலய உட் பேட்ஜ் என்னும் தலைமைப் பயிற்சியை முடித்தவராக இருக்க வேண்டும். அண்மைய ஐந்து ஆண்டுகளேனும் இயக்கத்தில் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். தேசிய அளவிலோ அனைத்து ரயில்வே அளவிலோ இரண்டு நிகழ்ச்சிகளிலும், மாநில அளவில் இரண்டு நிகழ்ச்சிகளிலும் கலந்துகொண்டிருக்க வேண்டும். தேர்வில் எழுத்துக்கு 60 மதிப்பெண், சான்றிதழ்களுக்கு 40. படிப்புத் தகுதியும் வயது வரம்பும் வேறு உண்டு. ஒவ்வொரு மண்டலத்திலும் இடங்கள் மிகச் சிலவே. ஆகையால் உத்தியோகம் உறுதி என்று எவரும் எண்ணலாகாது. அவ்வவ்வாண்டு அறிவிப்பை முழுதும் படித்தே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நுழைவாயிலில் நிற்கும் தகுதியாவது வேண்டுமெனில் பிள்ளை பத்து வயதிலேயே தொடங்க வேண்டும்.

பத்து வயதுக்குட்பட்ட சிறுவர் குருளையர், சிறுமியர் நீலப்பறவையர். பத்திலிருந்து பதினேழு வரை சாரணர், சாரணியர். அதன்பின் இருபத்தைந்து வரை திரிசாரணர், திரிசாரணியர். பிரவேசம், பிரதம சோபானம், த்விதீய சோபானம், த்ரிதீய சோபானம், ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் விருது என்று படிகள் ஏறுகின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பல மாதப் பயிற்சி உண்டு. கேரளப் பள்ளிகளில் மேற்படிகளை எட்டியோருக்குத் தேர்வில் கருணை மதிப்பெண் வழங்கும் முறையும் இருந்து வருகிறது. நடப்பாண்டு விதியைப் பள்ளியிற் கேட்டறிக.

பாசறைகளும் பிரயாணமும்

நம் பிள்ளைகளிற் பலர் ரயிலேறுவது தாத்தா பாட்டி ஊருக்கு மட்டுமே. சாரணருக்கோ நாடு முழுதும் பாதை திறக்கும். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையில் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பெயர்பெற்ற அவ்வூரில் பல்லாயிரம் பிள்ளைகள் கூடாரமிட்டுத் தங்கினர். அதே ஆண்டு நவம்பரில் 19-ஆவது தேசியப் பெருந்திரளணி லக்னௌவில் கூடியது. 26-ஆவது உலகப் பெருந்திரளணி 2027-ஆம் ஆண்டுக்குப் போலந்து நாட்டின் குதான்ஸ்க் நகரில் குறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய உலகக் கூட்டங்களில் பதினான்கு முதல் பதினேழு வயதினர் பங்கு பெறுவர். பதினெட்டு வயதைக் கடந்தோர் தொண்டர் அணியில் சேர்ந்து பணி செய்யலாம். செலவு பெரிதுதான். ஆயினும் இப்படி ஒரு வாசல் இருப்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

பெண்மக்களைப் பெற்றோர் இதையும் கருதுக. உலகச் சாரணியருக்கென அமைந்த ஐந்து நிலையங்களுள் ஒன்று நம் நாட்டில் புனே நகரில் உள்ளது. 1966-இல் திறக்கப்பெற்ற அதன் பெயர் ‘சங்கம்’. பல நாட்டுப் பெண்கள் அங்கு வந்து தங்கித் தொண்டு செய்கின்றனர். எங்கள் நடையை வழிநடத்திய சிறுமி அதைக் கேட்டதும், “மாமா, புனேக்கு இங்கிருந்து நேர் வண்டி உண்டா?” என்றாள். உண்டு என்றேன். உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பெரியோர் செய்யத்தக்கது

பிள்ளைகளைச் சேர்ப்பதோடு நம் கடமை தீராது. பல பள்ளிகளில் படை நடத்த ஆள் இல்லாமையே குறை. பதினெட்டு வயது நிறைந்தோர் ஆணாயினும் பெண்ணாயினும் தலைவர் பயிற்சி பெறலாம். ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி முதற்படி. நம்மிடையே தையல், சமையல், மின்வேலை, முதலுதவி, கணக்கு அறிந்தவர் எத்தனையோ பேர். அவற்றையெல்லாம் சாரணர் திறமைச் சின்னங்களுக்குரிய பாடங்களாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். ரயில்வே ஊழியர் குடும்பத்தாருக்கு மற்றுமொரு வசதி உண்டு. தென்னக ரயில்வேக்கெனப் பாரத சாரணர் இயக்கத்தில் தனி அமைப்பே இருக்கிறது. கோடைக்காலத்தில் நிலையங்களிற் பிரயாணிகளுக்குக் குடிநீர் வழங்கும் சாரணர்களைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

ஆகவே இம்மாதத்தில் ஒவ்வொரு பெற்றோரும் ஒரு காரியம் செய்க. பிள்ளையின் பள்ளிக்குச் சென்று, “இங்கே சாரணர் படை உண்டா? சாரணியர் படை உண்டா?” என்று கேளுங்கள். இருந்தால் சேருங்கள். இல்லையேல் தலைமையாசிரியரிடம் தொடங்கித் தருமாறு வேண்டுங்கள்; நம் சங்கத்தில் உள்ளோர் நான்கைந்து பேர் கூடிச் சென்றால் சொல்லுக்கு வலிமை கூடும். சேர்ந்த நாளிலிருந்தே சான்றிதழ்களை ஒரு கோப்பில் வைத்துப் பாதுகாத்து வாருங்கள். பிப்ரவரி 22, பேடன் பவல் பிறந்த நாள். உலகெங்கும் சாரணியர் அதைச் சிந்தனை நாளாகக் கொண்டாடுகின்றனர். அடுத்து வரும் அந்நாளில் நம் சங்கத்துப் பிள்ளைகளும் கழுத்தில் துணி கட்டிப் பரேடு மைதானத்து மர நிழலில் வரிசையாக நிற்கக் கண்டால், அதைவிட மகிழ்ச்சி நமக்கு வேறில்லை.