தூக்குச்சட்டிக்குள் ஒரு கச்சேரி

“யம்மா, உனக்கு இதெல்லாம் பிடிக்காது. விடு!”

போன வருஷம் ஐப்பசியில் ஒரு மழை நாள். என் மகன் இப்படிச் சொல்லிவிட்டு, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டான். “அப்படி என்னல கேக்க, நானும் கேக்கேன்” என்று ஆசையாகப் போய் நின்ற எனக்குச் சுருக்கென்றது. பத்து மாதம் சுமந்த பிள்ளை, பக்கத்தில் படுத்திருந்தும் எங்கோ வெளியூரில் இருக்கிற மாதிரி ஓர் எண்ணம். என்னைப் போல எத்தனை தாய்மார்களுக்கு இந்த எண்ணம் வந்திருக்கும்!

எங்கள் ஊர் சங்கரன்கோவில். கோமதியம்மன் ஆடித்தபசும் புற்றுமண் பிரசாதமும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ஊருக்குள் குடியிருக்கும் எங்களுக்கோ எந்நேரமும் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாகத் தறியில் நிற்கிறார். அவருக்கு இப்போது காது மந்தம். “குழம்பு ஊத்தவா?” என்று கேட்டால், “அப்பவே குளிச்சாச்சே” என்பார். முதலில் நாங்களும் சிரித்தோம். ஒருநாள் ரதவீதியில், பின்னால் வந்த சைக்கிள் மணி அவருக்குக் கேட்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன். அன்றோடு சிரிப்பு நின்றது.

மகன் வெளியூரில் என்ஜினீயரிங் படிக்கிறான். லீவில் வந்தவன் வாயைத் திறக்கவில்லை. நாலு பாடத்தில் அரியர் என்பதே பிறகுதான் தெரிந்தது. விடிய விடியப் பாட்டு. அப்பா திட்டுவார், அவன் காதில் விழாது. அவன் பதில் சொல்லுவான், அப்பா காதில் விழாது. நடுவில் நான்!

தீபாவளி கழிந்து நாலாம் நாள், அடுப்படியில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“யம்மா... ரெண்டு நாளா காதுக்குள்ள கொய்ங்ங்னு கேட்டுக்கிட்டே இருக்கு. ராத்திரி தூங்க முடியல.”

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ‘தகப்பனுக்குத் தறி, பிள்ளைக்கு இந்த வயரா!’ என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லிச் சோதித்தார்கள். நான் வெளியே கோமதியம்மனைக் கும்பிட்டபடி நின்றேன்.

நல்லவேளை, பெரிய பாதிப்பு இல்லை. டாக்டர் பொறுமையாக விளக்கினார். உள்காதில் நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறதாம். அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள். பெருஞ்சத்தம் பட்டால் அவை, ஆள் மிதித்த பயிர் மாதிரிச் சாய்ந்துவிடும். ஒருநாள் மிதித்தால் நிமிர்ந்துகொள்ளும். தினமும் மிதித்தால் செத்துப்போகும். செத்தது மறுபடி முளைக்காது. “இந்தக் கொய்ங் சத்தம் ஓர் எச்சரிக்கை. ரெண்டு வாரம் இயர்போனைத் தொடாதே” என்றார்.

அந்த இரண்டு வாரம்தான் எங்கள் வீட்டில் ஒரு கதவைத் திறந்துவிட்டது.

பாட்டில்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்தான். அவன் அப்பா தறிக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். அதை நிமிர்த்தி, போனை உள்ளே நிறுத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்தான். என்ன ஆச்சரியம்! சின்னச் சத்தமே கணீரென்று வந்தது. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டு ‘எஞ்சாயி எஞ்சாமி’. 2021 மார்ச்சில் வந்தது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நானும் கல்யாண வீடுகளில் அரைகுறையாகக் கேட்டதுதான். ஏதோ ஆட்டப்பாட்டு என்று விட்டுவிட்டேன். மகன்தான் சொன்னான்: அறிவு என்கிற அரக்கோணத்துப் பையனும் தீ என்கிற பெண்ணும் பாடியது, இசை சந்தோஷ் நாராயணன், எந்தச் சினிமாவுக்காகவும் போட்ட பாட்டல்ல, அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுவிட்டு ஊர் திரும்பியவர், அந்தக் கதைதான் பாட்டுக்குள் இருக்கிறது என்று.

1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, ஐந்தே கால் லட்சம் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. அதைப் பற்றிப் பத்தாங்கிளாஸ் வரை படித்த எனக்கு ஒரு வரி தெரியாது. ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தது!

மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். நடுவில் ஒப்பாரி போல ஒரு குரல் இழை வரும் பாருங்கள், அங்கே என் கை நின்றுவிட்டது. என் அம்மா கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும்போது இப்படித்தான் இழுத்துப் பாடுவாள். பள்ளிக்கூடத் தோழிகள் வந்தால், “யம்மா, பாடாதே!” என்று வாயைப் பொத்துவேன். எனக்கு வெட்கம். கடைசிவரை அவளிடம் ஒரு பாட்டைக்கூடக் கேட்டு எழுதி வைக்கவில்லை. அவளும் போய்ச் சேர்ந்தாள், பாட்டும் போயிற்று. வேறு யாரோ ஒரு பேரன், தன் பாட்டியைப் பாட்டில் உட்கார வைத்துவிட்டான். வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“யம்மா, பிடிச்சிருக்கா?” என்றான் மகன்.

“அடுத்ததைப் போடுல!” என்றேன்.

அப்புறம் தினமும் சாயங்காலம் எங்கள் அடுப்படியில் கச்சேரிதான். இதற்கெல்லாம் ‘இண்டி’ பாட்டு என்று பெயராம். தனியிசை என்று தமிழில் சொல்கிறார்கள். சினிமாக் கதைக்கும் கதாநாயகனுக்கும் காத்திராமல், பாடுகிறவர்களே தங்கள் மனசில் பட்டதை எழுதி, மெட்டுப் போட்டு வெளியிடுவது. நாம் டீச்சர் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதுவதற்கும், சொந்தமாகக் கடிதம் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எனக்குப் பிடித்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

அறிவின் பாட்டு பிடித்துவிட்டால், அவர் ஓஃப்ரோ என்பவரோடு சேர்ந்து 2019-ல் கொண்டுவந்த ‘தெருக்குரல்’ ஆல்பத்தைக் கேளுங்கள். படபடவென்று பேச்சு மாதிரியே போகும். முதலில் ஒன்றும் பிடிபடாது. மூன்றாம் தடவை ஒவ்வொரு சொல்லும் சுள்ளென்று உறைக்கும். 2024-ல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பாட்டி பேரிலேயே ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். பேரப்பிள்ளைகள் உள்ள பெரியவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் மலரும்.

அடுத்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு. டைரக்டர் பா. ரஞ்சித்தும் தென்மா என்ற இசைக்காரரும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னையில் முதல் கச்சேரி. அயோத்திதாசப் பண்டிதர் சொல்லிவந்த ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்பதிலிருந்து எடுத்த பெயர். வடசென்னை கானாவையும் பறையையும் கிடாரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பாட்டில் கோபம் இருக்கும். அது நியாயமான கோபம். ஆரம்பத்தில் பத்தொன்பது பேர் இருந்த அந்தக் குழுவில் ஒரே பெண், இசைவாணி. கானா என்றால் ஆண்கள் சாவு வீட்டில் பாடுவது என்றிருந்த இடத்தில், இந்தப் பெண் துணிந்து மேடையேறினார். 2020-ல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த உலகின் நூறு பெண்களில் இவரும் ஒருவர். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இவர் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்தக் குழுவின் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. என் வீட்டுக்காரர் தறியிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மெல்ல அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“இது நம்மூர்க் கொட்டுல்லா?” என்றார்.

நானும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே திரும்பாத மனிதர்! டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரைச்சலால் காது கெடும்போது கீச்சென்ற மேல் சத்தங்கள்தான் முதலில் போகுமாம். அடிச் சத்தங்கள் கடைசிவரை ஓரளவு கேட்குமாம். சைக்கிள் மணி கேட்காத காதுக்குப் பறை கேட்டுவிட்டது. மகன் ஒன்றும் பேசாமல் ஒரு பலகையை எடுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார். “வார்த்தை புரியலல, என்ன சொல்லுதான்?” என்று கேட்டார். மகன் அப்பா முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிதானமாகச் சொன்னான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சு அதுதான்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். நம் சென்னையிலேயே ‘தி எஃப்16ஸ்’ என்று ஒரு ராக் குழு இருக்கிறது. இங்கிலீஷில்தான் பாடுவார்கள். 2019-ல் வந்த ‘வீக்எண்ட் ஃபிரெண்ட்ஸ்’ இரவு வேலையெல்லாம் முடித்து உட்காரும்போது கேட்கத் தோதானது. 2021-ல் வந்த இன்னொன்றின் பெயர், ‘பணக்காரர்களைத் தின்கிற நேரம் வந்துவிட்டதா?’ என்று அர்த்தமாம். “நம்ம வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க, பயப்படாதே” என்றேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வார்த்தை பாதி புரியாது. ஆனால் கிடார் சத்தம், தெப்பக்குளத்தில் இலை மிதக்கிற மாதிரி அசைந்து அசைந்து போகும்.

‘96’ படப் பாட்டுகள் பிடித்தவர்களுக்குக் கோவிந்த் வசந்தாவைத் தெரியும். அவரும் நண்பர்களும் 2013-ல் தொடங்கிய கேரளத்துக் குழு ‘தைக்குடம் பிரிட்ஜ்’. கொச்சியில் அவர்கள் குடியிருந்த இடத்தின் பெயர் அது. 2015-ல் வந்த ‘நவரசம்’ ஆல்பத்தைக் கேளுங்கள்.

கர்நாடக சங்கீதம்தான் வேண்டும் என்கிற மாமியார் வீட்டில் இருக்கிறார்களா? பெங்களூர் ‘அகம்’ குழுவைப் போட்டுவிடுங்கள். 2017-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் தீட்சிதரின் ‘ரங்கபுர விஹாரா’ இருக்கிறது. எம்.எஸ். அம்மா பாடிக் கேட்டதுதான். இங்கே எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து வரும். முதலில் முகம் சுளித்த எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர், முடிகிறபோது தொடையில் தாளம் போட்டதை நானே பார்த்தேன்.

இனி, காது விஷயம். பாட்டைவிட இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் சத்தம் முழு அளவில் அறுபது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து எண்தானே கூடியிருக்கிறது என்று நினைக்கிறோம். நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. குழந்தைகளுக்கு 75-க்குள் இருக்க வேண்டும்.

கை நீட்டுகிற தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தம் காதுக்குக் கெடுதல். பஸ்ஸில் இரைச்சலை மீறிப் பாட்டு வைப்பதும் அப்படித்தான். காதில் மணியடிக்கிற மாதிரிச் சத்தம் வந்தால், ‘சரியாகிவிடும்’ என்று எண்ணெய் ஊற்றாதீர்கள், டாக்டரிடம் போங்கள். தறி, அரவை மில் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்குப் பஞ்சு வைத்தால் போதாது. ரப்பர் நுரை போன்ற காதடைப்பான் மெடிக்கல் கடைகளில் கிடைக்கிறது.

அந்த அடைப்பானை அப்பாவுக்கு வாங்கி வந்தது மகன்தான். “நூல் அறுந்தா தறிச் சத்தத்திலயே தெரியும். காதை அடைச்சுக்கிட்டா எப்படி?” என்று அவர் மல்லுக்கு நின்றார். இப்போது வாரத்தில் நாலு நாள் போடுகிறார். மீதி இரண்டு நாளைக்கு நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகனுக்குக் கொய்ங் சத்தம் நின்றுவிட்டது. அரியரில் இரண்டை முடித்துவிட்டான். இரண்டு பாக்கி இருக்கிறது. ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால், “யம்மா, புதுசா ஒண்ணு அனுப்பியிருக்கேன், கேட்டுட்டுச் சொல்லு” என்கிறான். என்ன சாப்பிட்டாய், எப்போது வருவாய் என்று நான் துருவித் துருவிக் கேட்டபோது வராத பேச்சு, இந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது தானாக வருகிறது.

நானும் ஒன்று செய்திருக்கிறேன். என் பெரியம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. அம்மாவோடு பருத்திக் காட்டில் பாடினவள். போன வாரம் போய் உட்கார்ந்து, அவள் பாடப் பாடப் போனில் பதிவு செய்து வந்தேன். நாலு பாட்டு. முதலில், “போடி, இதையெல்லாம் யாரு கேக்கப் போறா?” என்றாள்.

“என் மகன் கேப்பான் பெரியம்மா” என்று சொன்னேன். அனுப்பியும்விட்டேன்.