குமரிக் கரையோரம் ஒரு பகல்

கன்னியாகுமரிக்குப் போனால் நாம் செய்வதெல்லாம் என்ன? விடிவதற்கு முன்னால் குழந்தைகளை உலுக்கி எழுப்பிச் சூரியோதயம் பார்ப்போம். அம்மனின் மூக்குத்தியைத் தரிசிப்போம். வரிசையில் நின்று படகேறி, விவேகானந்தர் பாறைக்கும், 133 அடி உயர வள்ளுவருக்கும், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்துக்கும் போய் வருவோம். சோழி வாங்குவோம், பொட்டலத்தில் பல நிற மணலும் வாங்குவோம். சாயங்காலம் அஸ்தமனம். மறு நாள் ரயில். யாராவது கேட்டால், "குமரி முழுக்கப் பார்த்தாயிற்று!" என்போம்.

நாம் பார்த்தது ஒரு முனையை மட்டுமே. இந்த மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். ஐர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில் பாறையும் அலையும் மோதுவதைக் காரில் போய்ப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் கடல் கடந்து போகிறார்கள். நமக்கு நாகர்கோவில் வரை ஒரு ரயில் டிக்கெட் போதும். அடுத்த தடவை ஒரே ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி, வாடகைக் கார் ஒன்று பேசிக் கொள்ளுங்கள். தூக்கில் புளிசாதமும், கூஜாவில் தண்ணீரும் இருந்தால் சரி. புறப்படலாமா?

மேற்கே போவதற்கு முன், காலை இளவெயிலில் ஒரு நடை கிழக்கே போய் வந்துவிடுவோம். ஏழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. பெயர்தான் வட்டம், கோட்டையோ செவ்வகம்! கருங்கல் மதிலின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் தென்னந்தோப்புக்கு அப்பால் மேற்கு மலைத் தொடரின் கடைசிச் சிகரங்கள். இந்தக் கோட்டையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பலப்படுத்திக் கட்டியவர் டிலனாய் என்ற ஐரோப்பியர். திருவிதாங்கூர் ராஜாவின் கோட்டையில் அவருக்கு என்ன வேலை? அந்தக் கதை குளச்சலில் இருக்கிறது. அதுவரை பொறுங்கள்.

திரும்பி வந்து மேற்கே திரும்பினால், கோவளத்தைத் தாண்டி மணக்குடி. நாஞ்சில் நாட்டு வயல்களையெல்லாம் நனைத்து வரும் பழையாறு கடலில் கலக்கும் இடம். உப்பளம், தென்னை, நீர்ப் பறவைகள் என்று கண்ணுக்கு இதமான ஊர். கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்து இங்கே ஒரு பாலம் இருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை, சுனாமி அதன் கான்கிரீட் தளங்களைப் பெயர்த்துத் தூக்கி எறிந்தது. மாவட்டம் முழுவதும் சுமார் 800 பேர் அன்று மாண்டார்கள்.

இப்போது உங்கள் கார் போகிற பாலம் பிறகு கட்டியது. அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள்: லூர்தம்மாள் சைமன். 1957-ல் குளச்சல் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போய், காமராஜ் மந்திரிசபையில் ஸ்தல ஸ்தாபனங்களையும் மீன்வளத்தையும் கவனித்தவர். எட்டுப் பேர் அடங்கிய அந்த மந்திரிசபையில் ஒரே பெண்மணி அவர்தான்!

சாலை எப்போதும் கடலை ஒட்டியே போவதில்லை. சில இடங்களில் ஊருக்குள் புகுந்து, கோயில் கொடிமரத்தையும் மாதா கோயில் கோபுரத்தையும் சுற்றிக் கொண்டு, மறுபடி சட்டென்று நீலத்தின் முன்னால் வந்து நிற்கும். குழந்தைகள் கை தட்டுவார்கள். உடனே, "இறங்கிக் காலை நனைக்கலாம், அம்மா!" என்பார்கள். அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

கணபதிபுரம் பக்கத்தில் லெமூர் கடற்கரை என்று ஓர் அழகான மணற்பரப்பு. 2024 மே மாதம் அங்கே அலை இழுத்ததில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்து போனார்கள். புயலா, மழையா? ஒன்றும் இல்லை. இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். தெற்கே வெகு தொலைவில், நடுச் சமுத்திரத்தில் அடித்த காற்று எழுப்பிய அலை, பல நாள் பிரயாணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடனைப் போல் கரையேறும். இப்போதெல்லாம் அரசாங்கம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. சுற்றுலா வந்தவர்கள்தான் அதைக் காதில் வாங்குவதில்லை.

மத்தியானத்துக்குள் முட்டம் வந்துவிடலாம். ஆகா! இந்தப் பிரயாணத்தின் மகுடம் இதுதான். 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) படங்களில் நீங்கள் பார்த்த அதே ஊர். செக்கச் சிவந்த மண் மேடு. உச்சியில் கலங்கரை விளக்கம். கீழே யானைக் கூட்டம் குளிக்க இறங்கியது போல் கரும்பாறைகள். ஒவ்வோர் அலையும் அவற்றில் மோதி, வெண்ணுரையாக எழுந்து விழுகிறது.

நான் போன அன்று அலை பிரமாதமாக இருந்தது. ஆளுக்கொரு கைபேசியில் படம் எடுத்துக் கொண்டிருந்தோம். பக்கத்தில் மீன்காரப் பெண்மணி ஒருவர் காலிக் கூடையை இடுப்பில் வைத்துக் கொண்டு கடலையே பார்த்தபடி நின்றார்.

"கடல் இன்றைக்கு ரொம்ப அழகு, இல்லையா அக்கா?" என்றேன்.

"கடலு கலங்கிக் கெடக்கு, மக்களே. ஒரு வள்ளமும் போவல்ல. பாறைப் பக்கம் எறங்கிராதீங்க" என்றார்.

அவரும் நானும் பார்த்தது ஒரே கடலைத்தான். எனக்கு அது படம். அவருக்கு அன்றைய அடுப்பு. கரையில் காலை வைக்குமுன் இவர்களைப் போன்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். எந்தப் பலகையும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது.

முட்டத்தை விட்டு, கடியபட்டணம் தாண்டினால் மணவாளக்குறிச்சி. மணலைப் பாருங்கள், கறுப்பும் சிவப்புமாக மின்னும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தப் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியம்தான் காஸ் விளக்கின் வலைத்திரியைப் பளிச்சென்று எரிய வைத்தது. பாட்டி காலத்துக் கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் கொட்டிய வெளிச்சத்துக்கும் இந்த மணலுக்கும் உறவு உண்டு!

அடுத்தது மண்டைக்காடு. புற்றே அம்மனாக வளர்ந்திருக்கும் பகவதி கோயில். மாசிக் கொடையின் போது பெண்கள் இருமுடி கட்டித் தலையில் சுமந்து, கடலில் நீராடி வருவார்கள். 'பெண்களின் சபரிமலை' என்ற பெயர் அதனால்தான்.

இதோ, குளச்சல்! 1741-ல் இங்கே இறங்கிய டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் சேனை முறியடித்தது. மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள், தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் அவற்றைத் துப்பாக்கி என்று எண்ணி மிரண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர்தான் நம் டிலனாய். தம்மை வென்ற ராஜாவிடமே சேர்ந்து, அவர் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியானார். 1777-ல் காலமான அவருடைய கல்லறை, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. வெற்றித் தூண் குளச்சலில் நிற்கிறது. சுனாமியில் இறந்தவர்களை ஒன்றாக அடக்கம் செய்ததும் இதே ஊரில்தான். தூணைப் பார்க்கிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிஷம் நின்று வாருங்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் தேங்காப்பட்டணம் போய்ச் சேருவோம். தாமிரபரணி என்ற பெயரிலேயே இங்கும் ஓர் ஆறு. குழித்துறை வழியாக வந்து கடலில் விழுகிறது. அதற்கு அப்பால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. இந்த ஊர் ஆண்கள் சுறா பிடிக்க ஆழ்கடலில் நாள் கணக்கில், வாரக் கணக்கில் தங்குகிறவர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது அவர்களில் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். "போனவர்களைத் தேடிக் கொடுங்கள்" என்று டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பலர் திரும்பவே இல்லை.

ஆற்று முகத்தில் சூரியன் இறங்கும் அழகை நான் வர்ணிக்கப் போவதில்லை. நீங்களே போய்ப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும். ஆனி, ஆடியில் கடல் பொல்லாதது. இருட்டியதும் உடனே காரைத் திருப்பச் சொல்லாதீர்கள். தூரத்தில் படகு விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். குழந்தைகள் அவற்றை நட்சத்திரம் என்று எண்ணுவார்கள். அவை என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.